ஊருக்கு வருகிறோம்: யாழ்ப்பாணப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டவன். உடன்பிறந்தவர்களில் இருவர் கனடாவிலும் ஒருவர் இங்கிலாந்திலும் ஒருவர் நோர்வேயிலும் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் சித்திரை கழிந்ததும் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். முதலில் எங்கள் வீட்டார், பிறகு மச்சாள்மாரின் பகுதியினர், அதன் பிறகு நான் ஒருபோதும் கண்டிராத அவர்களுடைய நண்பர்கள். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட வேண்டும், வயதானவர்களைப் பார்க்க வேண்டும், யாருக்காவது உதவியும் செய்துவிட்டு வர வேண்டும் என்பதே எல்லோருடைய விருப்பமும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்று காரியத்தையும் ஒரே பயணத்தில் செய்ய எத்தனை நாள் வேண்டும்?

மூன்று கிழமை இருந்தால் நல்லது. இரண்டு கிழமைதான் விடுமுறை என்றால் மூன்றில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் குறைக்கச் சொல்வது சுற்றிப் பார்ப்பதையே. கோட்டையும் கடற்கரையும் அடுத்த முறையும் இருக்கும், எண்பத்தைந்து வயது மாமி இருப்பார் என்று சொல்ல முடியாது.

நாட்களின் எண்ணிக்கையை விட முக்கியமானது எதை எப்போது செய்வது என்பது. முதற் கிழமை உறவினர் வீடுகளுக்குச் செல்லுங்கள். அந்த நாட்களிலேயே உதவி செய்ய நினைக்கும் பாடசாலையையோ இல்லத்தையோ வெறுங்கையோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நடுக்கிழமை பிள்ளைகளோடு ஊர் சுற்றுங்கள். கொடுப்பதைப் பற்றிய முடிவைக் கடைசிக் கிழமையில் எடுங்கள். பார்ப்பதற்கும் கொடுப்பதற்கும் இடையில் விழும் அந்தப் பத்து நாளில்தான், என்ன தேவை, யாரிடம் கேட்க வேண்டும், யாரிடம் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தெருவோரப் பேச்சிலும் சாப்பாட்டு மேசைப் பேச்சிலும் தானாக உங்கள் காதுக்கு வந்து சேரும். விமானம் ஏறுவதற்கு முதல்நாள் பின்னேரம் அவசரமாகக் கொடுக்கப்பட்ட காசுதான் இங்கே அதிகம் வீணாகியிருக்கிறது.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

பெரும்பாலானோர் பள்ளி விடுமுறையையும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவையும் பார்த்து ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் பின் கொடியேறி 25 நாள் நடக்கும் திருவிழா அது. 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். ஊர் நிறைந்திருக்கும், சொந்தங்கள் ஒரே இடத்தில் அகப்படுவார்கள், விடுதிகள் மட்டும் அகப்படமாட்டா. இந்த 25 நாளும் பல வீடுகளில் மச்சம், அதாவது மீன், இறைச்சி சமைப்பதில்லை. நண்டுக்கறியும் கூழும் நினைத்துக்கொண்டு வருபவர்கள் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். என் தமையனின் மகன் ஒருமுறை மூன்று கிழமை பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு, கொழும்பு விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கோழிக்கறி கேட்டு அழுதான்.

சித்திரை, வைகாசி வெயில் குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தாங்காது, ஆனால் வைகாசி கடந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் நுங்கும் வந்துவிடும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மாரி. நுளம்பும் டெங்குக் காய்ச்சலும் அப்போது கூடும். கூட்டமில்லாமல் வயதானவர்களோடு ஆறுதலாக இருந்து கதைக்க விரும்புகிறவர்களுக்கு மாரி கழிந்த தை, மாசி மாதங்களே உகந்தவை. குளங்களில் தண்ணீர் இருக்கும், வயல்களில் அறுவடை நடக்கும், இரவில் போர்வை கேட்கும்.

கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணம் வருவது எப்படி?

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து வான் பிடித்தால் புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக ஏழு, எட்டு மணித்தியாலம் ஆகும். நீண்ட விமானப் பயணத்தின் பின் பிள்ளைகளை அதே இரவில் வானில் ஏற்றாமல், நீர்கொழும்பில் ஒரு நாள் தங்கிப் பகலில் வருவது உத்தமம். இரவு ஓட்டுநருக்கு நித்திரை வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

தொடருந்தில் வர விரும்பினால் இருக்கை முன்பதிவு திறக்கும் நாளிலேயே பதிந்துகொள்ளுங்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990இல் போரினால் வவுனியாவோடு நின்று, 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. எண்பதுகளில் ஊரை விட்டுப் போன அப்பாமாருக்கு ஆனையிறவு தாண்டியதும் கதவடியில் போய் நிற்கத் தோன்றும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் நிற்கட்டும், ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

இந்தியா வழியாக வருபவர்களுக்குப் பலாலியில் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் உண்டு. சென்னையிலிருந்து வருவன சிறிய விமானங்கள் என்பதால் பெட்டி நிறையைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் சேவை தொடங்கியது. மாரிக் கடலில் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

விசா வேண்டுமா?

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் இலத்திரனியல் பயண அனுமதி எடுக்க வேண்டும். அது முதலில் 30 நாளுக்குத் தரப்படுவது வழக்கம். கடவுச்சீட்டு வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், பிள்ளைகளுடையதையும் பாருங்கள். கட்டணமும் விதியும் மாறிக்கொண்டிருப்பதால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ தளத்தை மட்டும் பாருங்கள். அதே தோற்றத்தில் இரட்டிப்புக் காசு வாங்கும் தளங்கள் பல உள்ளன. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டிலேயே வரலாம்.

உறவினர் வீட்டில் தங்குவதா, விடுதியில் தங்குவதா?

நான்கு பேருக்கு மேல் வந்தால் இரவு விடுதியில், பகல் வீட்டில். இதைச் சொன்னதற்காக என் சின்னம்மா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: விருந்தாளி வந்த நாளிலிருந்து விடிய நாலு மணிக்கு எழுந்து கிணற்றடியில் நிற்பவர் பெரும்பாலும் அறுபது தாண்டிய ஒரு பெண்தான், அவர் வாயால் ஒருபோதும் தன் களைப்பைச் சொல்லமாட்டார். விடுதி எடுத்தாலும் முதல் இரவையாவது அந்த வீட்டில் கழியுங்கள். அது மரியாதை.

யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும்?

நீங்கள் இல்லாத காலத்தில் சாவு நடந்த வீடுகளுக்கு முதலில் போக வேண்டும். இதை அறியாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் கலியாண வீடு போய், பிறகு ஊரார் வாயில் விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். செத்தவீட்டுக்கு வர முடியாமற்போனவர், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், வந்த கையோடு துக்கம் விசாரிக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். செவ்வாய், வெள்ளியில் அதற்காக வருவதைச் சில வீடுகள் விரும்பமாட்டா, கேட்டுவிட்டுப் போங்கள். அந்த வீட்டில் அதிகம் பேசத் தேவையில்லை. படத்துக்கு முன்னால் சிறிது நேரம் நின்று, கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து, கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டால் போதும். மிகுதியை அவர்களே சொல்லுவார்கள்.

அடுத்தது வயது மூத்தவர்கள். தாய்வழி, தகப்பன்வழி இரண்டு பக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று வீடு போனால் மறுபக்கத்துக்கும் மூன்று வீடு போய்விட வேண்டும். கணக்கு உங்களுக்குத் தெரியாமற்போனாலும் இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு நாளுக்கு மூன்று வீட்டுக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணீரும் பலகாரமும் வரும், மறுத்தால் மனம் நோகும்; நாலாம் வீட்டில் பிள்ளைகள் அழத் தொடங்குவார்கள்.

சொந்தங்களுக்கு என்ன கொண்டுவரலாம்?

கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். என் பெரிய மாமியின் அலுமாரியில் கண்ணாடித் தட்டில் ஏழு வாசனைத் திரவியப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் மேலுறை பிரிக்கப்படாதவை, ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் யார் கொண்டுவந்தது என்று மாமி விரல் வைத்துச் சொல்லுவார். அவருக்கு இழுப்பு வருத்தம் என்பதால் வாசனை ஒத்துக்கொள்ளாது. ஏழு பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எட்டாவதாக வந்த மருமகள் மட்டும், "மாமி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "என்னைக் கீரிமலைக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை" என்றார் மாமி. போனார்கள். அங்குள்ள கேணிப் படிக்கட்டில் இருந்து கால் நனைத்துவிட்டு வந்ததை மாமி இன்றும் சொல்லுகிறார்.

பொதுவாகச் சொன்னால், நல்ல கைத்தடி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வெளிச்சம் கூடிய டோர்ச், முழங்காலுக்குப் பூசும் தைலம் போன்றவை பயன்படும். சொக்கலேற் உருகிவிடும், ஆனால் அது இல்லாமல் வந்தால் சின்னப் பிள்ளைகள் மன்னிக்கமாட்டார்கள். பாவித்த உடுப்புகளை மூட்டை கட்டிக் கொண்டுவராதீர்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வராது. உறவினரோடு எப்படிப் பழகுவார்கள்?

பெரியவர்கள் கூடத்தில் இருந்து கதைக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி வைத்தால் பழகமாட்டார்கள். ஏதாவது வேலையில் விடுங்கள். தேங்காய் துருவுவது, பூக்கொய்வது, சந்தைக்குப் போவது, சைக்கிள் ஓடுவது என்று எதுவானாலும் சரி. வரும் முன் ஒரு தாளில் முறைகளை எழுதிக் கொடுங்கள்: யார் பெரியப்பா, யார் குஞ்சம்மா, யார் மச்சாள். ஆளைக் கண்டதும் முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பாதி மொழி வந்துவிட்டது என்றே இங்கே கொள்வார்கள்.

யாழ்ப்பாணத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் எவை?

விவரமறிந்த பிள்ளைகள் இருந்தால் பொது நூலகத்திலிருந்து தொடங்குங்கள். 1981 மே 31ஆம் திகதி இரவு எரிக்கப்பட்டபோது அங்கே ஏறக்குறைய 97,000 நூல்களும் பழைய ஏட்டுச் சுவடிகளும் இருந்தன. இன்று வெள்ளையடித்து நிற்கும் கட்டடத்தை வெளியிலிருந்து படமெடுத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். உள்ளே போய், வாசிப்பு மேசைகளில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் அது நூலகம் என்பது புரியும். சத்தம் போடாமல் போங்கள்.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் கோட்டை. 1618இல் போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணமாக விரித்துக் கட்டினார்கள். சுவரில் முருகைக்கற்களை நெருங்கிப் பார்த்தால் கடற்பூச்சிகள் விட்டுப்போன துவாரங்கள் தெரியும். என் மருமக்களுக்கு ஒல்லாந்தரை விட அந்தத் துவாரங்களே பிடித்தன. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போனால் பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவதை மேலே நின்று பார்க்கலாம்.

கீரிமலையில் கடலுக்குச் சில அடி தூரத்திலேயே நன்னீர் ஊற்று கேணியாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு கேணிகள். கீரிமுகம் நீங்கிய நகுல முனிவர் கதையையும், குதிரைமுகம் மாறிய மாருதப்புரவீகவல்லி கதையையும் சொல்லிவிட்டு இறக்கினால் பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏறமாட்டார்கள். பெற்றோருக்கு இங்கே பிதிர்க்கடன் செய்ய நினைப்பவர்கள் ஐயரிடம் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். திரும்பும் வழியில் நிலாவரைக் கிணறு. அதற்கு அடியில்லை என்ற கதையைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது மட்டும் கதையன்று, சுண்ணாம்புக்கல் நிலத்தின் இயல்பு.

வடமராட்சிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகனுக்குப் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் சொல்லாமல் பூசை செய்வார். அன்னதானக் கந்தன் என்றே பெயர் பெற்ற கோயில் அது. மதியம் மடத்தில் எல்லோரோடும் நிலத்தில் இருந்து சாப்பிடுங்கள். பிறகு பருத்தித்துறை வெளிச்சவீடு, தட்டையாய் மொறுமொறுவென்றிருக்கும் பருத்தித்துறை வடை, நேரமிருந்தால் மணற்காட்டு மணற்குன்றுகள். காரைநகர்க் கசூரினாக் கடற்கரை சிறு பிள்ளைகளுக்கு நல்லது, ஆழமில்லாத கடல்.

தீவுகளுக்குப் போவது எப்படி?

பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறைக்குக் காலையிலேயே வந்துவிட வேண்டும். நயினாதீவுக்குப் படகு ஏறக்குறைய இருபது நிமிடம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் உள்ளன. ஆனி மாதத் திருவிழாவில் நெரிசல் கடுமையாக இருக்கும்.

நெடுந்தீவு வேறு வகை. ஒரு மணித்தியாலக் கடல், சோளகக் காற்று வீசும் மாதங்களில் படகு நன்றாக ஆடும், வெறும் வயிற்றிலும் நிறைந்த வயிற்றிலும் ஏறக் கூடாது. முருகைக்கல் வேலிகளும் கட்டாக்காலிக் குதிரைகளும் பெருக்கமரமும் பார்க்கத் தக்கவை. தீவில் முச்சக்கரவண்டி கிடைக்கும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே படகோட்டியிடம் கேளுங்கள்; துறையில் எழுதியிருப்பதை நம்பி நாங்கள் ஒருமுறை இரவு அங்கேயே தங்க நேர்ந்தது. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவு அந்த ஊரில் இன்றும் பச்சையாக இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கோயில்களில் உடைக் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. நல்லூரில் ஆண்கள் மேலாடையின்றியே உள்ளே போகலாம். வேட்டி, சேலை, பாவாடை சட்டை எல்லாக் கோயில்களுக்கும் பொருந்தும். நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு நெடுங்காலமாக ஒரு ரூபாய்தான் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக் காசுக்குத் தனி வரிசை அங்கே இல்லை.

கண்ணிவெடி ஆபத்து இன்னும் இருக்கிறதா?

நீங்கள் போகும் வீடுகள், கோயில்கள், கடற்கரைகளில் இல்லை. முகமாலைப் பக்கம் போன்ற பழைய முன்னரங்கப் பகுதிகளில் மண்டையோட்டுப் படமிட்ட சிவப்புப் பலகை கண்டால் வீதியை விட்டு இறங்காதீர்கள்.

உதவி செய்ய விரும்புகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

உங்களுக்கு ஏற்கெனவே தொடர்புள்ள ஓரிடத்திலிருந்து தொடங்குங்கள். படித்த பாடசாலை, தாய் பிறந்த ஊரின் வாசிகசாலை, தகப்பன் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக இருந்தால், ஐந்தாறு ஆண்டு கழித்தும் விசாரிக்க உங்களுக்கு மனம் வரும், கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளும் இருக்கும்.

எங்கள் குடும்பம் செய்த பிழையையே உதாரணமாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எல்லோரும் காசு சேர்த்து, ஒரு சிறிய பாடசாலைக்கு ஆறு பாவித்த மடிக்கணினிகளைப் பெட்டியில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தோம். மாலை போட்டார்கள், பிள்ளைகள் நடனம் ஆடினார்கள், படம் எடுத்தோம். இரண்டு ஆண்டு கழித்து வேறு அலுவலாக அங்கே போனபோது, அதிபரின் அறை அலுமாரியில் ஆறும் பொலித்தீன் உறையோடு அப்படியே இருந்தன. மின்னேற்றிகளின் முனை இங்குள்ள துளைக்குப் பொருந்தவில்லை. இரண்டின் விசைப்பலகையில் நோர்வே எழுத்துகள். ஒன்றுக்குக் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. பழுதாகிவிட்டால் வெளிநாட்டுக்காரர் குறை நினைப்பார்கள் என்று பயந்து தொடவேயில்லை என்றார் அங்கிருந்த ஓர் ஆசிரியை. நாங்கள் அவரிடம் முதலில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவருக்கு வேண்டியிருந்தது பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு ஒரு கதவும் தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு மோட்டரும்தான். மடிக்கணினி கொண்டுவந்த பெட்டிக் கட்டணத்திலேயே கதவைப் போட்டிருக்கலாம்.

ஆகவே, பொருளை அங்கிருந்து சுமந்து வராதீர்கள். தேவையை இங்கே கேட்டு, இங்கேயே வாங்குங்கள். சுன்னாகத்துக் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும், பழுதானால் திருத்த ஆளும் இருப்பார். பாடசாலைக்குக் கொடுப்பதென்றால் அதிபர் கையில் காசாகக் கொடுக்காமல், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பற்றுச்சீட்டோடு கொடுங்கள். இது அதிபருக்கும் பாதுகாப்பு. பெரிய கட்டட வேலையானால் வலயக் கல்விப் பணிமனையின் சம்மதமும் தேவைப்படும். இன்னொன்று: பெயர் பெற்ற நகரக் கல்லூரிகளுக்கு உலகம் முழுதும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் உள்ள சிறு பாடசாலைகளில் படித்தவர்கள் இன்னும் மீன்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் காசு எங்கே கூடுதலாகப் பேசும் என்று யோசியுங்கள்.

முதியோர் இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் நாளைப் பார்த்துக் கொடுங்கள். நான் போய்வரும் ஓர் இல்லத்தின் அலுவலகச் சுவரில் பெரிய நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. ஓகஸ்ட் மாதத்தில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இரண்டு, மூன்று பெயர்கள் நெருக்கி எழுதப்பட்டிருக்கும்; காலையில் பாற்சோறு, மதியம் பாயாசத்தோடு சாப்பாடு, இரவில் இன்னொருவரின் பிறந்தநாளுக்குக் கேக். நவம்பர்ப் பக்கத்தைப் புரட்டினால் வெள்ளைக் கட்டங்கள். அங்கிருக்கும் ஒரு முதியவர் என்னிடம், "தம்பி, ஆவணியிலை எங்களுக்குச் சீனி கூடுது, கார்த்திகையிலை குறையுது" என்று சொன்னார். வைத்தியப் பரிசோதனைக் கணக்கை வைத்தே சொன்னார்.

தாயின் திதியோ பிள்ளையின் பிறந்தநாளோ எந்த மாதத்தில் வந்தாலும், சாப்பாட்டை மாரிகால நாளொன்றுக்கு எழுதச் சொல்லிக் காசைக் கட்டிவிட்டுப் போங்கள். அல்லது சாப்பாட்டுக்குப் பதிலாக, பெரியவர்களுக்கான ஈரமுறிஞ்சும் அரைக்கச்சை, மூக்குக்கண்ணாடி, இரவில் பார்த்துக்கொள்பவரின் ஒரு மாதச் சம்பளம் என்று கேட்டுச் செய்யுங்கள். சாப்பாடு கொடுக்கும் அன்று நீங்களும் அவர்களோடு இருந்து சாப்பிட வேண்டும். பரிமாறிவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பது அழகல்ல.

ஒரு நிறுவனம் நம்பத் தகுந்ததா என்று எப்படி அறிவது?

தொண்டு நிறுவனங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் இதற்கென இருக்கிறது. சிறுவர் இல்லமானால் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் பதிவைக் கேளுங்கள். பதிவு இலக்கம் கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் உள்ளன. அவற்றின் சமூக சேவை அலுவலரிடமும் அந்தந்த ஊர்க் கிராம அலுவலரிடமும் விசாரிப்பது இன்னும் நல்ல வழி. உண்மையில் கஷ்டப்படும் குடும்பம் எது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கோயில் வழியாகவும் நல்ல காரியம் நடந்திருக்கிறது. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலின் வருவாயைக் கொண்டு ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. கோபுரத்துக்கு வர்ணம் பூசக் காசு சேர்ப்பவர்களிடம் இதை நான் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவதால் என்னைக் கண்டால் சிலர் வேறு ஒழுங்கையால் போகிறார்கள்.

ஒரு மாணவருக்கு மாதந்தோறும் உதவுவது எப்படி?

எத்தனை ஆண்டு கொடுப்பீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். தரம் 10இல் தொடங்கி உயர்தரத்துக்கு முன் நிறுத்திவிட்டால் தொடங்காமல் இருந்ததை விட அதிகக் கெடுதல். பிள்ளையின் பெயரில் திறக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து பொதுவாக 18 வயது வரை காசு எடுக்க இயலாது. எனவே மாதச் செலவைத் தாயின் கணக்குக்கும், பின்னாளில் தேவைப்படும் தொகையைப் பிள்ளையின் கணக்குக்கும் பிரித்துப் போடுங்கள். வங்கி வழியாகவே அனுப்புங்கள். வங்கியில்லாமல் ஆள்வழி காசு மாற்றும் உண்டியல் மலிவுதான், ஆனால் அதற்குக் கணக்கும் இல்லை, காசு வராவிட்டால் கேட்க இடமும் இல்லை. பிள்ளையிடமிருந்து நன்றிக் கடிதம் எதிர்பார்க்காதீர்கள். தவணை அறிக்கையின் படமொன்று போதும்.

கொடுத்த காசுக்கு எங்கள் நாட்டில் வரிச்சலுகை கிடைக்குமா?

இங்கே நேரடியாகக் கையில் கொடுத்ததற்குக் கிடைக்காது. உங்கள் நாட்டில் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகக் கொடுத்தால் கிடைக்கும். இங்கிலாந்தில் வரி செலுத்துபவர் அத்தகைய அமைப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறது.

வறுமையான உறவினருக்குக் கொடுப்பதும் தருமம் ஆகுமா?

ஆகும், ஆனால் அதற்குத் தருமம் என்று பெயர் வைக்காதீர்கள். இல்லத்தில் உள்ள அந்நியருக்குப் படம் எடுத்து ஒரு இலட்சம் கொடுத்துவிட்டு, கிடுகு மாற்ற வழியின்றி இருக்கும் சொந்த மச்சானுக்கு ஒரு சேட்டுத் துணியோடு போய் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். கேட்டால், சொந்தத்துக்குக் கொடுத்தால் வாய்ப்பேச்சு வரும், ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கோபிப்பார் என்பார்கள். அது மெய்தான். அதற்காகக் கொடுக்காமல் விடுவதை விட, கொடுக்கும் முறையைப் பார்க்கலாம்: எல்லோருக்கும் சமமான ஒரு சிறு தொகையை வெளிப்படையாகவும், தேவைப்பட்டவருக்கு வேண்டியதை யாருமறியாமலும் கொடுங்கள். கடன் என்று கொடுக்காதீர்கள். திரும்பி வராத கடன், காசோடு உறவையும் கொண்டுபோய்விடும். கொடுத்தால் திரும்பக் கேட்காத தொகையாகக் கொடுங்கள்.

கொடுக்கும்போது படம் எடுக்கலாமா?

கட்டடத்தை எடுங்கள், வாங்கிய பொருளை எடுங்கள், பற்றுச்சீட்டை எடுங்கள். வாங்குபவரின் முகத்தை எடுக்காதீர்கள். சிறுவர் இல்லத்தில் எடுக்கவே கூடாது. இன்று அரிசிப் பொதி வாங்கும் படத்தில் நிற்கும் பிள்ளை பத்து ஆண்டு கழித்து வேலைக்கோ கலியாணத்துக்கோ போகும்போது, அந்தப் படம் முகநூலில் அப்படியே இருக்கும்.

எங்கள் பதின்ம வயதுப் பிள்ளைகள் இங்கே தொண்டு வேலை செய்ய முடியுமா?

சுற்றுலா அனுமதி வேலைக்கானது அன்று. கிழமைக்கணக்கில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய வேறு அனுமதி வேண்டும். ஒரு பின்னேரம் ஒன்றுவிட்ட சகோதரர்களின் ஆங்கிலப் பாடத்துக்கு உதவினால் யாரும் கேட்கமாட்டார்கள். அதில் இரு பக்கமும் படிக்கும்.

இதே பயணத்தில் காணி அலுவலையும் முடித்துவிடலாமா?

வேண்டாம். உறுதி, பங்கு, எல்லைக் கல் என்று தொடங்கிவிட்டால், பெரியப்பா வீட்டில் குடித்த தேத்தண்ணீரும் கசக்கும். அதற்குத் தனியாக ஒருமுறை வாருங்கள்.

திரும்பும்போது என்ன செய்ய வேண்டும்?

கடைசி இரண்டு நாளுக்கு எதையும் வைக்காதீர்கள், ஏனென்றால் அந்த இரண்டு நாளும் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டேயிருப்பார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம் இருக்கும். மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, வேப்பம்பூ வடகம், கருவாடு. மிளகாய்த்தூளை இரண்டு உறையிட்டு உடுப்புகளிலிருந்து தள்ளி வையுங்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் உணவுப்பொருள் எல்லாவற்றையும் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும். கருவாட்டை அன்போடு வாங்கி, எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். கொடுத்தவரிடம் நான் சொல்லமாட்டேன்.